காவல் துறையைத் தெரிந்துகொள்வோம்



"போலீஸ் வருது" என்று சொல்லிப் பல வீடுகளில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். குழந்தை வளர்கிறது. பயமும் கூடவே வளர்கிறது. பெரிய களவு போனாலும் சிலர் ஸ்டேஷன் படி ஏறத் தயங்குகிறார்கள். காவல் துறை எப்படி அமைந்திருக்கிறது? அதன் கையில் என்னென்ன இருக்கின்றன? தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

1857-இல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சி நடந்தது. அதன் பிறகு, 1861-இல் காவல் சட்டம் வந்தது. மக்களை அடக்கி வைக்க அன்றைய அரசுக்கு ஒரு படை தேவைப்பட்டது. பிறகு நாடு விடுதலை பெற்றது. அரசியல் சட்டம் வந்தது. அதன்படி காவல் துறை மாநில அரசின் பொறுப்பு. டெல்லி போன்ற சில இடங்களில் மட்டும் மத்திய அரசின் பொறுப்பு. அதனால் உடுப்பிலும் சில வேறுபாடுகள் உண்டு. பல இடங்களில் காக்கி. கொல்கத்தா நகரத்தில் வெள்ளை.

காவல் துறை ஓர் ஏணி போன்றது. கீழ்ப்படியில் காவலர் இருக்கிறார். அவருக்கு மேலே தலைமைக் காவலர். அடுத்து எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. என்று படிகள் ஏறும். மாவட்டத்துக்கு எஸ்.பி. பொறுப்பு. பெரிய நகரங்களில் கமிஷனர் இருப்பார். மாநிலம் முழுவதற்கும் தலைவர் டி.ஜி.பி. ஒரு படியில் நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

மத்திய அரசுக்கும் தனிப் படைகள் உண்டு. சி.ஆர்.பி.எஃப். 1939-இல் வேறு பெயரில் தொடங்கியது. 1949-இல் இன்றைய பெயர் பெற்றது. கலவரம், தேர்தல் போன்ற நேரங்களில் மாநிலங்களுக்கு உதவ வருகிறது. எல்லையைக் காக்க 1965-இல் பி.எஸ்.எஃப். வந்தது. விமான நிலையங்களையும் பெரிய அரசு ஆலைகளையும் காப்பது சி.ஐ.எஸ்.எஃப். ஆனால் ஊரில் ஒரு குற்றம் நடந்தால், புகார் கொடுக்கும் இடம் காவல் நிலையம்தான்.

காவலர் கையில் லத்தி இருக்கும். நிலையத்தில் துப்பாக்கி, கைவிலங்கு இருக்கும். கூட்டத்தைக் கலைக்கக் கண்ணீர்ப்புகைக் குண்டு உண்டு. கல்லடியைத் தடுக்கக் கேடயமும் தலைக்கவசமும் உண்டு. செய்தி சொல்ல வயர்லெஸ் இருக்கிறது. தடயம் தேட மோப்ப நாய் வருகிறது. இப்போது நிலையங்களில் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

கைரேகையும் ஒரு கருவிதான். ஒருவர் ரேகை போல இன்னொருவர் ரேகை இருக்காது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கினார்கள். உலகிலேயே அதுதான் முதல் கூடம். கைநாட்டு வைத்தவர் யார் என்று ரேகை காட்டும். அவர் என்ன சொன்னார் என்று காட்டாது. அதைக் காட்டுவது தாளில் உள்ள எழுத்து.

ஒருவர் வீட்டில் கொள்ளை போகிறது. "மூன்று பேர் வந்தார்கள்" என்று அவர் சொல்கிறார். தாளில் "இரண்டு பேர்" என்று இருக்கிறது. அவர் படிக்காமல் கைநாட்டு வைக்கிறார். பிறகு வழக்கு நீதிமன்றம் போகிறது. அங்கே அவர் மூன்று பேர் என்கிறார். தாள் இரண்டு என்கிறது. உண்மை சொன்னவரே பொய்யர் போல நிற்கிறார்.

இதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலில் உள்ளது. கொலை, கொள்ளை, ஆள் கடத்தல் போன்ற பெரிய குற்றங்களில் வாயால் புகார் சொன்னாலும் போதும். காவல் அதிகாரி அதை எழுத வேண்டும். படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து. இதைத்தான் முதல் தகவல் அறிக்கை, எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். இதன் நகல் இலவசம். ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. புகாரை எழுத மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பெண்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. மகளிர் காவல் நிலையம் 1973-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. சாட்சி சொல்லப் பெண்களை நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். யாரைக் கைது செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது.

சகோதர சகோதரிகளே, லத்தியும் துப்பாக்கியும் அரசு கொடுத்தவை. எழுத்து நீங்களே உழைத்துப் பெற்றது. இன்று வகுப்பில் ஒரு புகார் எழுதிப் பாருங்கள். பெயர், ஊர், தேதி, நேரம், நடந்தது என்ன, பார்த்தவர் யார். எழுதியதை உரக்கப் படியுங்கள். சரியாக இருந்தால் கீழே கையெழுத்துப் போடுங்கள். தவறு இருந்தால் திருத்திய பிறகு போடுங்கள். காவல் நிலையத்திலும் அப்படியே செய்யுங்கள்.