விஞ்ஞான ஆசிரியருக்குக் கைப்பயிற்சி வேண்டும்!

(நாகர்கோவிலில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



முதலில் என் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம், ஆகையால் நண்பகலில் நம் நிழல் வடக்கே தான் விழும் என்று பல வருஷங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த சில நாட்களில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். “ஸார், கொடிக்கம்பத்து நிழலு கோயிலு பக்கமாட்டுல்லா கெடக்கு?” என்றாள். கோயில் இருப்பது தெற்கே. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து, உட்காரச் சொல்லி விட்டேன். மறுநாள் நண்பகலில் வெளியே போய்ப் பார்த்தேன். நிழல் தெற்கே தான் கிடந்தது!

கணக்கு மிக எளிது. நாகர்கோவில் பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. சூரியனோ ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 23½ டிகிரி வரை வடக்கே ஏறி விடுகிறது. ஏப்ரல் 11-ஐ ஒட்டி அது நம் உச்சந்தலைக்கு நேராக வரும். அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் கம்பின் அடியிலேயே அடங்கி விடும். அதன் பிறகு செப்டம்பர் 1 வாக்கில் திரும்பி வரும் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே தான். ஒரு மீட்டர்க் கம்புக்கு ஜூன் 21-ல் சுமார் 27 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். டிசம்பர் 22-ல் 62 சென்டிமீட்டர், வடக்கே. அந்த நண்பகலும் கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் கடிகாரம் ஓடுவது 82½ டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில். நாம் அதற்கு 5 டிகிரி மேற்கே. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால், ஏப்ரலில் நமக்கு நண்பகல் 12.20-க்கு.

இதற்கு என்ன செலவு? ஒரு கம்பு, ஒரு தூக்குக் குண்டு, கொஞ்சம் சுண்ணாம்பு. ஆனால் பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் படித்த எனக்கு, கம்பை நட்டுப் பார் என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் படித்ததைச் சொன்னேன், பிள்ளைகள் நான் சொன்னதை எழுதினார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள்!

பயிற்சி நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. நாமெல்லாம் போய் வந்தவர்கள் தானே. திரையில் படம் ஓடுகிறது, ஒருவர் பேசுகிறார், கையெழுத்துப் போட்டுச் சாயா குடித்துத் திரும்புகிறோம். நீச்சலைக் கரையில் நின்று கற்பிக்கிற கதை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? செய்து காட்டியிருக்கிறார்கள், தோழர்களே. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லா. இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாற்றி விட்டார்கள். 1972-ல் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு ஸ்தாபனங்கள் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்தன. கிராமத்துப் பள்ளிகள், ஆய்வுக்கூடம் கிடையாது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டில்லி சர்வகலாசாலையிலிருந்தும் விஞ்ஞானிகள் அந்த ஊர்களுக்கு வந்தார்கள். கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஆசிரியர்கள் மாணவரைப் போலப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து, பாடத்திலுள்ள பரிசோதனைகளைத் தாங்களே செய்தார்கள். விடை தப்பினால் ஏன் தப்பியது என்று சண்டை போட்டார்கள். ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் இப்படி ஒரு கோடை. பள்ளி திறந்த பின் மாதந்தோறும் கூடி, வகுப்பில் என்ன நடந்தது என்று பேசினார்கள். பள்ளிகளுக்குப் பரிசோதனைப் பெட்டி வந்தது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்த்தே எழுதலாம்; ஆனால் செய்முறைத் தேர்வும் உண்டு. கவனியுங்கள், பரீட்சையை மாற்றாமல் பயிற்சியை மட்டும் மாற்றியிருந்தால் அது ஒரு வருஷத்தில் செத்திருக்கும்.

1978-ல் ஜில்லாவின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் சர்க்காரே விஸ்தரித்தது. 1982-ல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் பொறுப்பேற்றது. முப்பது ஆண்டு நடந்ததை, 2002-ல் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்தும் கேளாமல், ராஜ்ய சர்க்கார் நிறுத்தி விட்டது. ஆசிரியரின் திறமை மட்டும் போதாது, அதைக் காக்க ஸ்தாபன பலம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால் தான்.

நம் ஜில்லாவுக்கு வருவோம். தோழர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி நம்முடையது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் எழுத்தறிவு வேறு, விஞ்ஞான அறிவு வேறு. இங்கே பௌதிகம் தெருவில் கிடக்கிறது. கொத்தனார் நீர் நிரப்பிய குழாயை இரு சுவரிலும் பிடித்து மட்டம் பார்க்கிறார். அவர் மகன் வகுப்பில் அதே விதியை மனப்பாடம் செய்து மறந்து விடுகிறான்! மாத்தூர் தொட்டிப்பாலத்தில், 115 அடி உயரத்தில், 1966 முதல் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் போகிறது. பம்ப் இல்லாமல் எப்படிப் போகிறது என்று அங்கே நின்று அளந்து பார்த்த வகுப்பு எத்தனை? சுற்றுலா போய்ப் படம் எடுத்த வகுப்புகள் ஏராளம்.

பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அலமாரியைத் திறக்காமலே அதைப் போட்டுக் கொடுப்பவர்களும் நம்மில் இருக்கிறோம். இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் திருத்தவும் முடியாது.

பணம் இல்லை என்பார்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2024-25-ம் ஆண்டுப் பங்கு 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. ஆசிரியர் பயிற்சியும் அந்தத் திட்டத்துக்குள் தான் வருகிறது. இதை எதிர்ப்போம். ஆனால் கம்பு நட டில்லிப் பணம் வேண்டியதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

தேரூர் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில், 6 முதல் 10 வரை எடுக்கும் ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியருக்கும் கைப்பயிற்சி கேட்போம். கோடையில் மூன்று வாரம், அதற்கு ஈடுசெய் விடுப்பு, பள்ளிக்கொரு பெட்டி, மாதம் ஒரு நாள் கூடிப் பேச அனுமதி. பள்ளியின் ஆய்வகப் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

வருகிற ஏப்ரல் 11-ந் தேதி உங்கள் பள்ளி முற்றத்தில் கம்பை நடுங்கள். 12 மணி முதல் 12.40 வரை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, பிள்ளைகளை விட்டே நிழல் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த அளவுத் தாள்களை எடுத்துக்கொண்டு தேரூருக்கு வாருங்கள்; மனுவோடு சேர்த்துக் கொடுப்போம்.