மெஸ் செகரட்டரி வீட்டுச் சமையலறை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "சிங்கப்பூர்ல இருக்கீங்க, மாணவர்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுங்க" என்றார். ஒரு சிப் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். ஆகவே வீட்டு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். ஆமாம், சோறாக்குவது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது. சிரிப்புச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனித்துக்கொண்டேன். ஆண்கள் பக்கம்தான் அதிகம்.

நான் 2010-ல் வெளியேறிய மெக்கானிக்கல். கடைசி வருடம் ஹாஸ்டல் மெஸ் செகரட்டரியாக இருந்தேன். இங்கே சிலருக்கு அந்த வருடத்துச் சாம்பார் இன்னும் நினைவிருக்கலாம், மன்னிக்கவும். கிட்டத்தட்ட நானூறு பேருக்குச் சாப்பாடு. திங்கள் முதல் ஞாயிறு வரை மெனு போர்டில் எழுதியிருக்கும். ஸ்டோரில் ஒரு பேரேடு. அதில் துவரம்பருப்பு இத்தனை கிலோ, எண்ணெய் இத்தனை டின் என்று தினமும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுத்து பில் போடுவோம். பெரிய நிர்வாகி என்று எனக்கே என் மேல் ஒரு நினைப்பு. ஆனால் அந்த ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அடுப்புப் பக்கம் நின்றதில்லை. நூற்றுக்கணக்கில் தட்டுகளுக்குக் கணக்கு எழுதினேனே தவிர, ஒரு தட்டைக் கழுவியதில்லை.

2012-ல் சிங்கப்பூர் போனேன். என் மனைவியும் நம் கல்லூரிதான். ஈ.சி.இ., எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். இதோ நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் கையைத் தூக்குவதாக ஒப்பந்தம். செங்காங் வட்டாரத்தில் ஒரு அடுக்குமாடி வீடு, இரண்டு பேருக்கும் வேலை, முதலில் ஒரு பையன். 2019-ல் பெண் பிறந்ததும், அங்கே பல வீடுகளில் செய்வதைப் போல நாங்களும் வீட்டோடு தங்கும் ஒரு பணிப்பெண்ணை அமர்த்தினோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே இது அரசாங்கக் கணக்குக்கு உட்பட்ட விஷயம். மனிதவள அமைச்சிடம் வேலை அனுமதி வாங்க வேண்டும். 5,000 வெள்ளிக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். சம்பளம் போக, அரசுக்கு மாதாமாதம் தீர்வை என்று ஒன்று கட்ட வேண்டும். சிறு குழந்தை உள்ள குடிமக்களுக்கு அது 60 வெள்ளி, சலுகை கிடைக்காத வீடுகளுக்கு 300 வெள்ளி. நாங்கள் இரண்டாம் ரகம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது 2013-ல் வந்த விதி. அந்த நாளுக்குக் காசு கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்ததைத் திருத்தி, மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் விட்டே ஆக வேண்டும் என்று 2023-ல் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு விதி எதற்குத் தேவைப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எங்களிடம் வந்தவர் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்தவர். என் வயதுதான். ஊரில் ஐந்து வயதில் ஒரு மகன். ஆறே மாதத்தில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். கொரோனா வந்து எல்லைகளை மூடியபோது அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. 2021-ல் முதல் ஒப்பந்தம் முடிந்தும், போனால் திரும்பி வர முடியுமோ முடியாதோ என்று இன்னும் இரண்டு வருடம் இருந்தார். எங்கள் பெண் தவழ்ந்தது, நடந்தது, பேசியது எல்லாம் அவர் கையில். தன் மகன் வளர்ந்ததை அவர் போன் திரையில்தான் பார்த்தார்.

2023-ல், போதும், மகனோடு இருக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வேறு ஆள் எடுப்பதா என்று பேச்சு வந்தது. ஏஜென்சியிலிருந்து நாலு பேருடைய விவரம்கூட வந்துவிட்டது. வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். பணம் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவர் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஏழு வயதுப் பையன் சோபாவில் படுத்துக்கொண்டு, தலையைக்கூடத் திருப்பாமல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "தண்ணி" என்றான். ஒரே ஒரு வார்த்தை. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். திருப்பூரில் எங்கள் வீட்டில் நான் என் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவேன்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர இரவு ஒன்பது ஆகும். அதற்குள் அக்கா அரிசி களைந்து, உலை வைத்து, எனக்குச் சோறு போட்டுவிடுவாள். நான் படித்துக்கொண்டிருப்பேன். அக்கா பன்னிரண்டாவதோடு நின்றாள். நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். அவளைவிட எனக்கு மார்க் அதிகம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆள் இல்லாமல் சமாளிப்போம் என்று முடிவெடுத்தோம். முதல் மூன்று மாதம் படுதோல்வி. நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. "என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன்" என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன். காய் நறுக்கினேன். கடைக்குப் போனேன். போன இடத்திலிருந்து, "பீன்ஸா அவரையா?", "பால் எந்தப் பால்?" என்று போனுக்கு மேல் போன். மூங்கில் கழிகளில் துணி காயப்போட்டேன். அங்கே சன்னலுக்கு வெளியே கழியை நீட்டித்தான் காயப்போடுவார்கள். சாயங்காலம் இடி மழை வந்தால் ஓடி எடுக்க வேண்டும். "மழை வருது, எடுங்க" என்று மனைவி ஆபீசிலிருந்து போன் செய்வாள். நான் வீட்டில் இருந்துகொண்டே மழையைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணி. சமையலறை விளக்கு எரிகிறதே என்று போய்ப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்போடு ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். ராஜினாமா கடிதம். பத்து வருட வேலை. நான் பதறிப்போய், "நான்தான் எல்லாத்துக்கும் ஹெல்ப் பண்றேனே" என்றேன். அவள் கோபப்படக்கூட இல்லை. "என்னங்க, நீங்க என்ன செய்யணும்னு கேக்கறீங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்றதே எனக்கு ஒரு வேலைங்க. உப்பு தீரப்போகுது, பாப்பாவுக்கு செருப்பு பத்தலை, நாளைக்கு இவனுக்கு டப்பாவுல என்ன, மாவு புளிச்சிருச்சா, எல்லாம் என் தலைக்குள்ளேயே ஓடிட்டிருக்கு. மீட்டிங்ல உக்காந்தாலும் ஓடுது" என்றாள்.

எனக்கு அப்போதுதான் மெஸ் ஞாபகம் வந்தது. மெனு போர்டு, ஸ்டோர் பேரேடு, ஸ்டோர்கீப்பர், தலைமைச் சமையல்காரர், மேற்பார்வைக்கு ஒரு வார்டன், கணக்குக்கு நான். நானூறு பேருக்கு அத்தனை ஆட்கள் பிரித்துப் பார்த்த வேலையை, நாலு பேர் வீட்டில் ஒரே ஒருத்தி தலையில் வைத்திருந்தோம். அதில் நான் சப்ளையர் பையன் வேலையைச் செய்துவிட்டு, பாதி வேலை பார்ப்பதாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கடிதம் அனுப்பப்படவில்லை. அந்த வாரமே வேலையைப் பிரித்தோம். நீ நறுக்கு, நான் தாளிக்கிறேன் என்ற பழைய பிரிவினை இல்லை. ஒரு துறையை எடுத்தால் தொடக்கம் முதல் கடைசி வரை அவருடையது. இரவுச் சாப்பாடும் மளிகையும் என்னுடையவை. என்ன சமைப்பது என்று யோசிப்பது, இருப்பு பார்ப்பது, வாங்குவது, ஆக்குவது, சிங்க்கைத் தேய்த்துவிட்டுத் தூங்கப் போவது வரை. துணியும் என் பக்கம் வந்தது. காலை உணவு, குழந்தைகளின் டப்பா, பள்ளிக்கூட விவகாரங்கள் அவளுடையவை. இதற்கு இரண்டு நிபந்தனை. துறை வைத்திருப்பவர் அடுத்தவரைக் கேள்வி கேட்டுத் துளைக்கக் கூடாது. அடுத்தவர் குறை சொல்லித் திருத்தக் கூடாது. இரண்டாவது நிபந்தனையை அவள் கடைப்பிடித்ததுதான் பெரிய தியாகம். என் முதல் மாத வத்தக்குழம்பைச் சாப்பிட்டவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள்.

(அவள் கையைத் தூக்குகிறாள். உப்பைச் சொல்கிறாள். ஒப்புக்கொள்கிறேன்.)

பிரிட்ஜ் கதவில் மெனு ஒட்டினேன். மெஸ் மாதிரியேதான். வாரம் மாவைச் சுற்றியே ஓடும். ஞாயிறு மத்தியானம் டேபிள்டாப் கிரைண்டரில் நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தனியாக, ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்ட வேண்டும், சூடானால் பொங்காது. இது தெரியாமல் நாலு வாரம் கல் மாதிரி இட்லி சாப்பிட்டோம். அங்கே ராத்திரியும் வெக்கையாகவே இருக்கும், எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நான் முக்கால் வரை ஊற்றிவிட்டுத் தூங்கி, காலையில் மாவு மேடையிலிருந்து இழுப்பறைக்குள் இறங்கியிருந்தது. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, கொஞ்சம் புளிப்பு ஏறியதும் புதன் வெங்காய ஊத்தப்பம். மாவு எந்த வரிசையில் மாறுகிறதோ அந்த வரிசையில் மெனு. இதை நான் கண்டுபிடித்ததாக அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஏங் கண்ணு, இதுக்குத்தான் அத்தனை செலவு பண்ணிப் படிக்க வெச்சமா? ஊரு பூரா இதத்தான பண்ணுது" என்றார்.

வியாழக்கிழமை அரிசிம்பருப்பு. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், வரமிளகாய், மஞ்சள், மூன்றரை டம்ளர் தண்ணீர். ஒரே குக்கர், மூன்று விசில், மேலே நெய். தொட்டுக்கொள்ள அப்பளமோ தயிரோ போதும். ஷிப்ட் முடிந்து வந்த அம்மா அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, அரை மணியில் இதைத்தான் ஆக்குவார். வீட்டு வேலைக்கு ஆள் என்று யாரையும் பார்த்தே இராத வீடுகளில் பிறந்த சமையல் அது. நான் அதை வெறும் ருசி என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சமையல் கிடையாது. வீட்டுக்குக் கீழே உணவங்காடி இருக்கிறது. அதை ஒரு குறையாக நாங்கள் நினைப்பதில்லை. நிறைய விஷயங்களை அடியோடு விட்டுவிட்டோம். இஸ்திரி போடுவது போயிற்று. தினமும் கூட்டுவது போய், ஒரு குட்டி எந்திரம் தரையில் தானே உருண்டு கூட்டுகிறது, அதுவும் சோபாவுக்கு அடியில் சிக்கிக்கொண்டு அழும். விருந்தாளிகளுக்கு மூன்று பொரியல் போடுவதும் போயிற்று. பையன் தட்டு கழுவுகிறான், பூண்டு உரிக்கிறான், ஒரு பல்லுக்கு ஐந்து நிமிஷம். பெண் சாக்ஸ்களை ஜோடி சேர்ப்பாள். அவர்கள் செய்வதைவிட நாமே செய்தால் சீக்கிரம் முடியும் என்பது உண்மை. கை பரபரக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. படுக்கையில் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கோ, நைட் ஷிப்ட் பார்க்கும் வீட்டுக்கோ போய் நான் உபதேசம் செய்தால் துடைப்பத்தால் அடிப்பார்கள். நேற்று மாலை பழைய வகுப்பறையில் உட்கார்ந்து பேசியபோது இன்னொன்று கவனித்தேன். எங்கள் வகுப்பில் எங்களையெல்லாம்விட நன்றாகப் படித்த பெண்கள் பலரிடம், "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "குழந்தை பிறந்ததும் விட்டுட்டேன்" என்றார்கள். வேலை பிடிக்காமல் விட்டதாக ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்களுடைய கணவர்களும் "ஹெல்ப்" பண்ணியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பிகளே, மெஸ்ஸில் இன்றைக்கு உங்களுக்குப் பரிமாறுகிறவர் பெயர் தெரியுமா என்று கேட்கலாம் என்று இருந்தேன். என் காலத்தில் எனக்கே பாதிப் பேர் பெயர் தெரியாது, அதனால் கேட்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு வாரம் மாவுப் பொறுப்பை எடுத்துப் பாருங்கள். ஊறப்போடுவதை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

போன நோன்புப் பெருநாளன்று ஜாவாவிலிருந்து அவர் வீடியோவில் வந்தார். பக்கத்தில் மகன், அம்மா தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். என் பெண் அவருக்குத் தன் பல் விழுந்ததைக் காட்டினாள். "ரசம் இப்ப யார் வைக்கறாங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். நம்பவில்லை போலிருக்கிறது, சமையலறையைக் காட்டச் சொன்னார். போனைத் திருப்பிக் காட்டினேன். கிரைண்டர், மெனு, மளிகை நோட்டு எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, "சார், அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸ் எத்தனை நாளா துடைக்கலை?" என்றார்.