வழி கண்ட சிறு கம்பனி

இன்புளுவென்சாக் காய்ச்சலைத் தடிமனோடு ஒன்றாக எண்ணிப் பொருட்படுத்தாதோர் பலர். 1918ஆம் ஆண்டில் அது உலகைச் சூழ்ந்தபோது கோடிக்கணக்கானோர் மாண்டனர். அதனை உண்டாக்கும் வைரசு தன் மேற்புறத்தை அடிக்கடி மாற்றிக்கொள்வது. அதனாலேயே தடுப்பூசியையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அவ்வைரசில் மாறாத இடம் எதுவுமே இல்லையா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் முன்னின்றனர்.

மனித உடலின் கலத்தினுள்ளே பெருகும் புதிய வைரசுகள் வெளியேறும்போது, அக்கலத்தின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். அவ்வொட்டை அறுத்து அவற்றை விடுவிப்பது, வைரசின் மேற்பரப்பிலுள்ள நியூராமினிடேசு என்னும் நொதியம். பீற்றர் கோல்மன், வர்கீஸ், கிறேம் லேவர் ஆகிய மூவரும் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு அதன் வடிவத்தை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர். அதிலே பள்ளம் போன்ற ஓரிடம் காணப்பட்டது. வைரசு எத்தனை வேடம் பூண்டாலும் அப்பள்ளம் மாறுவதில்லை. அதனை அடைத்துவிட்டால் புதிய வைரசுகள் பிறந்த இடத்திலேயே சிறைப்பட்டுப் போகும்.

இக்கருத்தை மருந்தாக்கும் நோக்குடன் 1985இல் மெல்பேண் நகரில் தோன்றியதே பயோட்டா என்னும் சிறு கம்பனி. அதன் பண உதவியோடு, விக்ரோரிய மருந்தாளர் கல்லூரியில் மார்க் வொன் இட்ஸ்டைன் குழுவினர், அப்பள்ளத்திற் பொருந்தும் சனமிவிர் என்னும் பொருளை 1989இல் ஆக்கினர்.

மருந்தை மக்களிடையே சோதித்து உலகெங்கும் விற்கும் வலிமை சிறு கம்பனிக்கு இருக்கவில்லை. எனவே 1990இல் கிளாக்சோ என்னும் பெருங்கம்பனிக்கு உரிமம் வழங்கிற்று. அமெரிக்க ஆலோசனைக் குழுவில் பதின்மூவர் எதிர்த்தும் நால்வர் ஆதரித்தும் வாக்களித்தனர். ஆயினும் 1999இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. ரெலென்சா என்ற பெயருடன் மருந்து வெளிவந்தது. ஆனால் அதனை வாயால் உள்ளிழுக்க வேண்டும். அவ்வாண்டிலேயே, விழுங்குதற்கு எளிய டமிபுளு என்னும் மருந்து வந்து சந்தையைக் கைப்பற்றியது.

கிளாக்சோ தன் மருந்தைப் பரப்ப உரிய முயற்சி செய்யவில்லை எனப் பயோட்டா 2004இல் வழக்குத் தொடுத்தது. 2008இல் அது 2 கோடி அவுஸ்திரேலிய டொலருடன் இணக்கமாக முடிந்தது. அக்காலத்தே பரவிய ஒருவகை இன்புளுவென்சா வைரசு டமிபுளுவுக்கு அடங்காது போயிற்று. புறக்கணிக்கப்பட்ட ரெலென்சாவோ அதன்மீதும் பயன் தந்தது. பயோட்டாவின் ஆய்விற் பிறந்த மற்றொரு மருந்தான லனினமிவிர், ஒரேமுறை உள்ளிழுத்தாற் போதும் என்ற சிறப்புடன் 2010இல் யப்பானில் அனுமதி பெற்றது.

2012இல் அமெரிக்கக் கம்பனி ஒன்றோடு இணைந்து பயோட்டா அந்நாட்டுக்குப் பெயர்ந்தது. 2016இல் அதன் பெயர் மாறியது. 2018இல் மேலும் ஓர் இணைப்பில் அப்பெயரும் மறைந்தது. அதனை வென்ற டமிபுளுவும் அடைப்பது அதே பள்ளத்தைத்தான். வழி கண்டவர் ஒருவர், அவ்வழியே சென்று பயன் கொண்டவர் வேறொருவர். ஆயினும் காய்ச்சலிற் கிடந்து எழுந்த நோயாளிக்கு இருவரும் உதவியவர்களே.