விரல்கள் காட்டும் ஆர்வம்

திருச்சானூர் தாயார் கோயிலில் மணி ஒலித்ததும் மடியிலிருக்கும் குழந்தை துள்ளித் திரும்பும். ஆனால் பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தை பெரும்பாலும் அசையாமல் அடங்கிவிடும். “பிள்ளைக்கு எதிலும் நாட்டமில்லையே” என்று பெரியவர்கள் கலங்குவார்கள். உண்மையில் அது உற்றுக் கேட்கிறது! அதன் ஆர்வம் விரல்களின் அசைவில் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க் 1977-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இத்தகைய குழந்தைக்கு உட்காருவதும் நிற்பதும் ஏறக்குறைய உரிய காலத்தில் வந்துவிடும். தவழ்வதுதான் பிந்தும். எட்டிப் பிடிக்க எதுவும் கண்ணில் படாதபோது குழந்தை எதற்காக நகரும்? கிலுகிலுப்பைச் சத்தத்துக்குப் பின்னால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்று புரியவே முதலாண்டின் கடைசி ஆகிவிடும். தாய்மார்களே, பேசிக்கொண்டே தூக்குங்கள். கரண்டியோ கிண்ணமோ, முதலில் கையில் கொடுங்கள், பிறகு தட்டி ஒலி எழுப்புங்கள்.

இன்னொன்று, இது அவசரமானது. குறைமாதத்தில், இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். பாதிப்பு இருந்து உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை கிடைத்தால் பல குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். திருச்சானூருக்குப் பக்கத்தில் திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.