குடி பரம்பரை நோயா?

(கமக்காரர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"குடிகாரன் மகன் வேறெப்படி இருப்பான்?" என்னும் பேச்சு நம் ஊர்களில் எளிதாக எழுகின்றது. கலியாணப் பேச்சிலும் அது எழும். பள்ளிப் பிள்ளையின் செவியிலும் விழும். இப்பழிச்சொல்லில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதை இன்று நாம் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். டென்மார்க்கு நாட்டிற் பிறந்து, ஆறு வாரங்களுக்குள் பெற்றோரைப் பிரிந்து, உறவல்லாதார் வீட்டில் வளர்ந்த ஆண்மக்களைக் குட்வின் என்னும் மனநோய் வைத்தியரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1973ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பெற்றோருள் ஒருவர் குடிநோயாளியாயிருந்த 55 பேரில் 10 பேர் குடிக்கு அடிமையாயினர். அக்குறையில்லாப் பெற்றோருக்குப் பிறந்த 78 பேரிலோ நால்வரே அடிமையாயினர். தந்தை குடித்ததைக் கண்ணாற் காணாத மகனையும் அத்தீங்கு தொடரக்கூடும் என்பது இதனாற் புலனாகும். இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியான கணிப்பும், இந்நோய் மனிதருக்கு மனிதர் வேறுபடுவதிற் பாதியளவு பரம்பரையைச் சார்ந்தது என்றே கூறுகின்றது.

ஆனால், அதே கணக்கை மறுபுறமும் பாருங்கள். அந்த 55 பேரில் 45 பேர் அடிமையாகவில்லை! நெல்லின் குணம் விதையிலுண்டு; எனினும் விதை ஒன்றே விளைச்சலைத் தீர்ப்பதில்லை என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பரம்பரை எவ்வாறு வேலை செய்கின்றது? குடிக்கென்று தனியொரு பரம்பரையலகு இல்லை. பல அலகுகள் சிறிது சிறிதாகப் பங்குகொள்கின்றன. நம் ஈரல் மதுசாரத்தை முதலில் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருளாக மாற்றி, பின்பு வேறொரு நொதியத்தால் அந்நஞ்சை முறிக்கின்றது. யப்பானியர் பலரிடத்து இவ்விரண்டாம் நொதியம் பிறப்பிலேயே வலுக்குன்றியது. சிறிது குடித்தாலும் அவர்கள் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு குமட்டும். ஆதலால் அவர்கள் குடிக்கு அடிமையாவது குறைவு.

இதற்கு மாறானவர்களும் உளர். கலிபோர்னியாவிற் சக்கிட் என்னும் வைத்திய அறிஞர், குடிநோயாளரின் புதல்வரை இளமையிற் சோதித்து, ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் மீண்டும் ஆராய்ந்தார். 1994ஆம் ஆண்டில் வெளியான அவர் முடிவின்படி, போதை குறைவாகவே ஏறியவர்களில் நூற்றுக்கு 56 பேர் குடிநோயாளராயினர். போதை மிகுதியாக ஏறியவர்களில் நூற்றுக்கு 14 பேரே. "எவ்வளவு குடித்தாலும் தள்ளாடான்" என்று நாம் மெச்சுகின்ற இளைஞனே பெரும் ஆபத்தில் நிற்பவன்!

இனி, பரம்பரைக் காப்பும் எந்நாளும் கைகொடுக்குமா? யப்பானியக் குடிநோயாளருள் மேற்கூறிய வலுக்குன்றிய அலகைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து பெற்றவர்கள், 1979ஆம் ஆண்டில் நூற்றுக்கு 2.5, 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று ஆண்டுகளில் ஓர் இனத்தின் பரம்பரை மாறுவதில்லை. மாறியது அச்சமூகத்தின் பழக்கம். உடல் வேண்டாமென்று மறுத்ததையும் ஊர்வழக்கம் ஊட்டிவிட்டது.

ஆகவே, பிறப்பு ஒருவனைக் குடிகாரனாக்குவதில்லை. சிலருக்கு ஆபத்தை மிகுவிக்கின்றது. அவ்வாபத்தைப் பெருக்குவதும் குறைப்பதும் பெரும்பாலும் நம் கையிலுள்ளன. வைத்தியர்களே, நோயாளியின் குடும்ப வரலாற்றைப் பழித்தலின்றிக் கேளுங்கள். ஆசிரியர்களே, தந்தையின் பெயரால் எந்தப் பிள்ளையையும் இழிவுபடுத்தாதீர்கள். கமக்காரச் சகோதரர்களே, அரிவு வெட்டு முடிந்த மகிழ்ச்சியிலும் கலியாண வீட்டிலும் இளைஞர் கையிற் கிண்ணத்தைக் கொடாதீர்கள். குடித்துக் கெட்ட தந்தையின் மகனை அருகழைத்து, "தம்பி, உனக்கு ஆபத்து மற்றவரிலும் கூட, முதற் கிண்ணத்தையே தொடாதே. நாங்கள் உன்னோடிருக்கின்றோம்" என்று சொல்லுங்கள். ஊர் அவனுக்கு இடுகின்ற பழியை நீக்கி, இந்த அறிவை அவன் கையிற் கொடுப்போமாக.