மீண்டும் கிடைத்த நாள்கள்



பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் கண் விழிப்பவர் முதலில் கேட்பது, "பழையபடி எப்போது நடமாடுவேன்?" என்பதே. எல்லோருக்கும் பழைய வலிமை திரும்புவதில்லை. அந்நிலையில் நம்பிக்கை எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

1941 ஜனவரியில், 71ஆம் அகவையில், லியோன் நகரில் அவருக்குக் குடற்புற்றுக்கான அறுவை நடந்தது. பின்னர் எழுந்த சிக்கல்களால் உயிர் ஊசலாடியது. பிழைத்துக்கொண்டவரை, அங்குப் பணிசெய்த கன்னியர் 'உயிர்த்தெழுந்தவர்' என்றே அழைத்தனர். ஆயினும் நெடுநேரம் நின்று வரையும் ஆற்றல் மீளவில்லை. கட்டிலும் சக்கர நாற்காலியுமே பெரும்பாலும் அவர் இடமாயின.

அவர் தளரவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் இலையாகவும் பறவையாகவும் வெட்டினார். நீண்ட கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிப் படுத்தவாறே சுவரில் வரைந்தார். உலகம் வியக்கும் அவருடைய வெட்டுத்தாள் ஓவியங்கள் பல இவ்வாறு பிறந்தவை. அந்த ஆண்டுகளைத் தம் இரண்டாம் வாழ்வாகவே அவர் கருதினார்.

நன்றியும் செயலாயிற்று. 1942இல் நீஸ் நகரில் அவரை இரவில் பேணிய இளஞ்செவிலி ஒருவர் பின்னர்த் துறவு பூண்டார். வான்ஸ் என்னும் ஊரில் தம் சபையார் கட்ட விரும்பிய வழிபாட்டுக் கூடத்திற்காக அவர் மத்தீஸிடம் யோசனை கேட்டார். சமயச் சடங்குகளில் ஈடுபாடு இல்லாதவராயினும் மத்தீஸ் அக்கூடம் முழுவதையும் வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றார், ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நீலம், பச்சை, மஞ்சள் கண்ணாடிகளின் வழியே வெயில் வண்ணமாய் இறங்கும் அக்கூடம் 1951இல் திறக்கப்பட்டது. விழாவிற்குச் செல்ல அவருடைய உடல் இடந்தரவில்லை.

எல்லோராலும் கூடம் எழுப்ப இயலாது. குருதி ஈந்தவரின் பெயர் நோயாளிக்குத் தெரியாது. மயக்க மருந்து தந்து மூச்சைக் காத்தவரின் முகம் நினைவில் இராது. அவர்களைத் தேடிச்சென்று கைம்மாறு செய்தல் அரிது. ஆனால், நாளை அறுவை என்று அஞ்சிக் கிடக்கும் அடுத்த கட்டில்காரரிடம், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, இன்று பத்தடி நடந்தேன்" என்று சொல்ல முடியும். குருதி ஈந்தவருக்குப் பட்ட கடன் அங்கே கழிகிறது. சொன்னவருக்கும் அடுத்த நாளின்மேல் ஒரு பற்று பிறக்கிறது.

மத்தீஸ் பெற்ற இரண்டாம் வாழ்வு 13 ஆண்டுகள். எத்தனை ஆண்டுகள் என்பதை முன்கூட்டி அறிந்து அவர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. உடல் தேறிவரும் அன்பர்களும் இன்று இயன்ற சிறு பணியை இன்றே தொடங்குவார்களாக.