யாருக்கு எந்தச் சிற்றுண்டி?



சிறிய உண்டி என்பதே சிற்றுண்டி என்னும் சொல்லின் பொருள். பெயரிலேயே அளவும் அடங்கியிருக்கின்றது. நடைமுறையிலோ அந்த அளவு மறைந்து வருகின்றது. காலையில் ஒன்றும் உண்ணாது பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு இடைவேளையில் வாங்கும் பணிஸே காலையுணவாகிவிடுகின்றது. மாலையில் தேநீரோடு ஐந்தாறு வடையை முடிக்கும் பெரியவருக்கு அது இன்னொரு மதிய உணவாகின்றது.

வீட்டிற் செய்தது யாவும் நன்று, கடையில் வாங்கியது யாவும் தீது என்று பலரும் சொல்லக் கேட்கின்றோம். சொல்வதற்கு இலகுவான இக்கூற்றை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. வீட்டு முறுக்கும் எண்ணெயிற் பொரித்ததேயாகும். சந்தையிலே வாங்கும் கதலி வாழைப்பழமும் அவித்த கடலையும் காசு கொடுத்து வாங்கியவை என்பதனால் தீயனவாகிவிடா. கேட்கவேண்டிய கேள்வி வேறு. இதனை உண்ணப் போகின்றவர் யார்?

முதலிற் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் வயிறு சிறியது. வளர்ச்சியின் தேவையோ பெரியது. ஆதலின் அது உண்ணும் சிறிதளவிலும் சத்துச் செறிந்திருத்தல் வேண்டும். முதல்நாள் இரவு ஊறவைத்த பயறு, கடலை, கௌபி ஆகியவற்றுள் ஒன்றை அவித்துத் தேங்காய்ப்பூச் சேர்த்துக் கொடுத்தனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும் நம் பாட்டிமார் கண்ட நல்ல பண்டங்கள். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் முழுக் கச்சானைக் கொடுத்தல் ஆகாது. அது மூச்சுக்குழாயிற் சிக்கக்கூடும். சில பிள்ளைகளுக்குக் கச்சான், பால், முட்டை முதலியன ஒவ்வாமையினால் உயிராபத்தையே விளைவிக்கும். பிள்ளைகள் பகிர்ந்துண்ணும் நல்ல வழக்கத்தை நான் தடுப்பவனல்லன். எனினும் அத்தகைய பிள்ளையின் பெற்றோர் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே அறிவித்தல் அவசியம்.

திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோளம், சோயா, பால்மா சேர்ந்த இம்மா 1973 ஆம் ஆண்டு தொடக்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் என வழங்கப்பட்டு வருவது. தேங்காய்ப்பூவும் சிறிது சர்க்கரையும் சேர்த்து உருண்டையாக்கினால் சுவையாக இருக்கும். அச்சுவையே அதற்குப் பகையுமாகிவிடுகின்றது. வீட்டிலுள்ளோர் யாவரும் ஆளுக்கோர் உருண்டை எடுத்தபின், யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அக்குழந்தைக்கு எஞ்சுவது எவ்வளவு?

இனி, சலரோகம் என நம்மவர் வழங்கும் நீரிழிவு. இந்நோயுள்ளவர்களைச் சீனியைக் காட்டிலும் மிகுதியாக ஏமாற்றுவன சில நம்பிக்கைகள். தேநீருக்குச் சீனி வேண்டாம், பனங்கட்டி கடித்துக் குடிக்கின்றேன் என்பார் ஒருவர். பனங்கட்டியின் பெரும்பகுதியும் சீனிச்சத்தே. நிறம் மாறியதனால் குணம் முற்றாக மாறிவிடாது. குரக்கன் ஆயிற்றே என்று இரண்டு நீத்துப் பெட்டிப் பிட்டை உண்பார் மற்றொருவர். குரக்கன் மிக நல்ல தானியம்; அதன் 100 கிராமிலே 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. ஆயின் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்தும் அதிலேயே உண்டு. கிறீம் கிறேக்கர் இனிக்காது என்பதனால் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பவரும் உளர். தீட்டிய கோதுமை மாவும் கொழுப்பும் உப்பும் சேர்ந்த பண்டம் அது. இவர்களுக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலையோ, சீனி சேராத தயிரோ, ஒரு கொய்யாப்பழமோ பொருந்தும். அதுவும் ஒரு கைப்பிடிதான்.

இதற்கு மாறான ஒரு வேளையும் உண்டு. மருந்தோ இன்சுலினோ எடுத்தபின் உணவு தவறினால், விரத நாட்களிலே இது நேர்வதுண்டு, வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் தோன்றும். அப்போது சீனியே மருந்தாகும். மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்து உடனே பருகக் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயினால் எதனையும் புகட்டாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். விரதம் பூணுமுன்னரே வைத்தியரைக் கேட்பது இன்னும் நன்று.

சிறுநீரக நோயாளருக்கு வாழைப்பழமும் இளநீரும்கூட அளவறிந்து, வைத்தியர் சொற்படியே கொடுக்கத் தக்கன. கோதுமை ஒவ்வாதோருக்கு அரிசி மாவும் ஒடியல் மாவும் குரக்கனும் கைகொடுக்கும். மெதுமைக்காக அவற்றோடு ஒரு பிடி கோதுமை மாவைக் கலக்கும் பழக்கத்தை மட்டும் விடவேண்டும். பல்லில்லாத முதியோருக்குப் புழுக்கொடியலை இடித்து, தேங்காய்ப்பூச் சேர்த்துக் கொடுக்கும் யாழ்ப்பாணத்து வழக்கம் எவ்வளவு பரிவுடையது! கடிக்கும் பேரன் கையில் முழு ஒடியல், பாட்டிக்கு அதன் மா. பண்டம் ஒன்றே, ஆளுக்கேற்ப வடிவம் மாறியது.

கடையில் வாங்குவோருக்கு அரசாங்கம் ஒரு துணையைச் செய்து வைத்திருக்கின்றது. 2016 ஆம் ஆண்டில் மென்பானங்களுக்கு நிறக் குறியீடு கொண்டுவரப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். சிவப்பு வட்டமிட்ட 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றிலே 44 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருக்கும். தேக்கரண்டி 4 கிராம் எனக் கொண்டால் அது 11 கரண்டிக்கும் மேல். எந்தத் தாயாவது தன் பிள்ளையின் தேநீரில் 11 கரண்டி போடுவாளா?

நிறம் காணாத பொதிகளிலே சேர்பொருட் பட்டியலைப் பாருங்கள். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலுமாக அது எழுதப்பட்டிருக்கும். சீனி முதல் மூன்று இடங்களுள் நிற்பின், உறையில் எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் அது இனிப்புப் பண்டமே. குளுக்கோசுப் பாகு என்று எழுதியிருப்பதும் சீனியின் உறவினரேயாவர். எழுத்து மிகச் சிறியது. மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள்.